காம்பாக்டிங்காரரும் கடைசிப் பெட்டியும்

முதலில் ஒரு மன்னிப்பு. பத்திரிகைக்கு எழுதுகிற அளவுக்கு நான் ஆள் இல்லை. பத்தாவது வரை படித்தேன். அதற்கப்புறம் பனியன் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. டீக்கடையில் 'சர்க்கரை கம்மி' என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இத்தனை வருடமும் தித்திப்பாகவே குடித்து வருகிறேன். அப்படிப்பட்டவன் பேனாவை எடுத்ததற்குக் காரணம் கோபம். வேறு ஒன்றும் இல்லை.

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் என் சிநேகிதர் காம்பாக்டிங்காரரைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். "பாய்லர் வெடிக்குதுன்னு கம்பெனியையே ஓட வெச்ச கிறுக்கனாமா அந்தாளு" என்றார் ஒருவர். "அவனுக்குக் காதே கேக்காதாம், எப்புடி கிட்டார் வாசிச்சான்?" என்றார் இன்னொருவர். இரண்டும் பச்சைப் பொய். நான் அந்த இடத்திலேயே இருந்தவன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த ரசம் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திருப்பூரில் ஒழுங்காகக் கோபப்படத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். மற்றவர்களுக்கு வருவதெல்லாம் வெறும் எரிச்சல்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் மரியாதை அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். கோபம் வந்தால் அது கொஞ்சம் இறங்கும். காம்பாக்டிங்காரருக்கு ஏறும். சிநேகமாக இருக்கும்போது 'வாப்பா, போப்பா' என்பார். லேசாகச் சூடானால் 'வாங்க, போங்க'. 'ஏனுங்க சாமி' என்று ஆரம்பித்தாரென்றால், தெரிந்தவர்கள் செருப்பைத் தேடுவார்கள்.

ஒருமுறை நானும் அவரும் பல்லடத்துக்குத் தனியார் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. காம்பாக்டிங்காரர் எழுந்து முன்னால் போனார்.

"ஏனுங்க சாமி, தங்களோட பொற்கையை அந்த ஹாரன் மேல இருந்து எடுத்து மடியில வெச்சுக்க முடியுங்களா?"

டிரைவர் பயந்து பிரேக்கை மிதித்தார். கண்டக்டர் ஓடி வந்தார். "என்னங்க பிரச்சினை?"

"ஒண்ணுமில்லீங்க. பெரிய சத்தத்தை அமுக்கறதுக்குன்னே ஒரு பெட்டி இருக்குதுங்க. ஹாரனுக்கு ஒண்ணு மாட்டிருங்க. ஆனா கடைசியில மாட்டோணுமுங்க. முதல்ல மாட்டிப்போடாதீங்க, கெட்டுது வேலை."

கண்டக்டர் அவரை அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். கூட வந்த பாவத்துக்கு நானும் இறங்கினேன். அடுத்த பஸ் வரும்வரை 'ஏன் கடைசியில்' என்பதற்கான காரணங்களை எனக்கு விளக்கினார். மொத்தம் ஒன்பது.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் 'ஏனுங்க சாமி' என்பார். எழுதவில்லை. மங்கலம் ரோட்டுப் பக்கம் துணிக்குச் சாயம் ஏற்றி முடித்துக் கொடுக்கிற ஒரு பிராசஸிங் யூனிட்டில் காம்பாக்டிங் மிஷின் ஓட்டுகிறார். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். நிட்டிங் மிஷினில் நூலிலிருந்து பின்னி வந்த பனியன் துணி சாயத்துக்குப் போகும், பிறகு காயும், எல்லாம் முடிந்து கடைசியாகக் காம்பாக்டிங்குக்கு வரும். அந்த மிஷின் துணிக்கு நீராவி காட்டி, சூடான உருளைகளுக்கு நடுவில் விட்டு, நெருக்கி அமுக்கும். இதைச் செய்யாத பனியன் ஒரே துவைப்பில் தொப்புளுக்கு மேல் ஏறிவிடும். உங்கள் பனியன் உங்கள் இடுப்பிலேயே இருக்கிறது என்றால் அவரைப் போல ஒருவர் எங்கோ நின்றுகொண்டு வேர்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் இன்னிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பார். குழுவின் லீடர் கீபோர்டு வாசிப்பவர். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே லேபிள் கடை வைத்திருப்பவர். அப்புறம் ஒரு டிரம்ஸ்காரர், இரண்டு பாடகர்கள், நான். என்னை எல்லோரும் பாய் என்பார்கள். எனக்கு டாம்பரின், அதாவது ஜல்ஜல் என்று ஆட்டுகிற வளையம். மேடையில் என்னைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. பேஸ் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். கூட்டம் என் முகத்தைப் பார்க்க முடியாது, அந்த வசதிக்காக நானே தேர்ந்தெடுத்த இடம். அதனால் அவர் வாசிப்பது மற்றவர்களுக்குக் காதில் கேட்கும் முன்னால் எனக்கு விலாவில் கேட்கும். வயர் மாட்டுவது, கழற்றுவது, சுற்றி வைப்பது எல்லாம் என் பொறுப்பு.

இனி கம்ப்ரஸர். தையல் மிஷினுக்குக் காற்று கொடுக்கிற பெரிய டாங்கி இல்லை. சோப்பு டப்பா அளவில் ஓர் இரும்புப் பெட்டி. கிட்டாரின் பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். அவரிடம் இதுபோல் நான்கு பெட்டிகள் இருந்தன. சுருதி பார்க்கிற ட்யூனர், கீழ்ச் சுருதியையும் சேர்த்துக் கொடுக்கிற ஆக்டேவ், சத்தத்தைக் கரகரப்பாக்குகிற டிரைவ், அப்புறம் இந்தக் கம்ப்ரஸர். பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணி சுற்றிய ஒரு பலகையில் நான்கையும் வரிசையாக ஒட்டிவைத்திருந்தார். கிட்டாரிலிருந்து கிளம்புகிற சத்தம் ஒவ்வொரு பெட்டியாக நுழைந்து வெளிவந்து ஸ்பீக்கருக்குப் போகும்.

இதில் கம்ப்ரஸர் எங்கே இருக்க வேண்டும்? முதலிலா, கடைசியிலா? கேட்பதற்கு அற்பமாக இருக்கும். இதனால் ஒரு குழு உடைந்தது. நான் சொல்வது பொய்யில்லை.

ஒத்திகை லேபிள் கடையின் மாடியில் நடக்கும். பாட்டு அரை மணி, கம்ப்ரஸர் ஒன்றரை மணி.

"அண்ணே, ஒலகம் பூரா அதை முதல்லதேன் வைக்கிறாய்ங்க. கிட்டார்ல இருந்து நேரா அதுக்குள்ள. நான் வீடியோவுல பார்த்தேன்" என்பார் லீடர்.

"உலகத்துல எத்தனை பேருங்க காம்பாக்டிங் ஓட்டியிருக்கறாங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"ஏனுங்க, துணிக்குச் சாயம் போடறதுக்கு முன்னால காம்பாக்டிங் விடுவீங்களா? அமுக்கி வெச்ச துணியைச் சாயத்துல போட்டா மறுபடியும் இழுத்துக்குமா இல்லீங்களா? எல்லா வேலையும் முடிச்சுப்போட்டு கடைசியிலதானுங்க அமுக்கோணும். துணிக்கு ஒரு நாயம், சத்தத்துக்கு ஒரு நாயமுங்களா?"

"அண்ணே, அந்தப் பெட்டியை முதல்ல உங்க வாய்க்கு மாட்டுங்க" என்று லீடர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். காம்பாக்டிங்காரர் சிரிக்கவில்லை. "மாட்டலாமுங்க. அதையும் கடைசியிலதான் மாட்டோணும்" என்றார்.

கோயமுத்தூரில் அந்தப் பெட்டியை வாங்கப் போனபோதும் நான் கூடப் போயிருந்தேன். கடைப் பையன் நல்ல மரியாதையானவன். "பொதுவா ஃபர்ஸ்ட் வைப்பாங்க சார். ஆனா அது டிபெண்ட்ஸ்" என்றான்.

"எதைப் பொறுத்துங்க?"

"உங்களுக்கு என்ன சவுண்ட் வேணுமோ அதைப் பொறுத்து சார்."

"எனக்குச் சரியான சவுண்டு வேணுமுங்க."

அன்று அந்தக் கடையில் மதியச் சாப்பாட்டுக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே ஷட்டரை இறக்கினார்கள்.

பேக்கரியிலும் விட மாட்டார். மேஜைமேல் டீ கிளாஸ், தண்ணீர் ஜக்கு, பிஸ்கட் டப்பா, தேங்காய் பன் என்று வரிசையாக வைத்து, "இது கிட்டாரு, இது ஆக்டேவு, இது டிரைவு" என்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் விளக்குவார். கம்ப்ரஸர் என்பது எப்போதும் தேங்காய் பன்தான். விளக்கம் முடிவதற்குள் யாராவது கம்ப்ரஸரைத் தின்றிருப்பார்கள். அதற்கு ஒரு கோபம்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. அவர் கடைசியில் வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஆக்டேவ் பெட்டியை மிதித்தால் சத்தம் திடீரென்று இரண்டு மடங்காகக் கொழுத்துவிடும். ஸ்பீக்கருக்கு அது ஆகாது. கடைசியில் கம்ப்ரஸர் இருந்தால், எது வந்தாலும் வாசலில் நின்று தடுத்துவிடும். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது தெரியும். அவர் விரலால் தடவினாலும் கட்டை விரலால் அறைந்தாலும் என் விலாவில் ஒரே அளவாகத்தான் வந்து விழும். இஸ்திரி போட்ட துணியைத் தொடுகிற மாதிரி இருக்கும். லீடர் ஒரு நாள்கூடப் பெட்டிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்ததில்லை.

ஆனால் நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்ப்ரஸர் சின்னச் சத்தத்தைத் தூக்கும் என்றேன். யாருமே வாசிக்காதபோது தூக்குவதற்கு அதற்கு ஒன்றும் இருக்காது. கடைசியில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் இருக்கிற பெட்டிகளின் மூச்சைத் தூக்க ஆரம்பிக்கும். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பாட்டு நடக்கும்போது தெரியாது. அமைதியானால் தெரியும்.

அந்த 'ஸ்ஸ்ஸ்'தான் பாய்லர் கதை.

அவர் வேலை செய்யும் அதே பிராசஸிங் யூனிட்டில் ஆயுத பூஜை. காலை பத்து மணிக்கு எங்கள் கச்சேரி. மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. இரண்டு பாட்டு முடிந்ததும் மேனேஜர் மைக்கைப் பிடித்தார். அந்த வருடம் காலமான பழைய முதலாளிக்காக ஒரு நிமிடம் மௌனம் என்றார். எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். டிரம்ஸ் நின்றது. கீபோர்டு நின்றது. பேஸ் நின்றது.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

மற்ற ஊராக இருந்தால் யாரோ பாம்பு என்றிருப்பார்கள். இது பிராசஸிங் யூனிட். வருடம் முழுவதும் நீராவிக் குழாய்க்குக் கீழே நிற்கிறவர்கள். முதலில் பாய்லரையும் குழாய்களையும் கவனிக்கிற பிட்டர் தலையைத் தூக்கினார். அப்புறம் சாய மாஸ்டர். சத்தம் மெதுவாகப் பெருகியது. பிட்டர் கத்தினார்: "ஸ்டீம் லீக்கு! வால்வு போயிருச்சு! ஓடுங்க!"

இந்திக்காரப் பையன்கள் "பாகோ, பாகோ" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். சிறப்பு விருந்தினர் ஒரு கையில் மாலையையும் இன்னொரு கையில் வேட்டியையும் பிடித்துக்கொண்டு ஓடினார். மேனேஜர் மைக்கோடு ஓடினார். வயர் இழுத்ததும் மைக்கை மட்டும் விட்டுவிட்டு ஓடினார். ஷெட்டில் மிஞ்சியது இரண்டே பேர். ஒன்று காம்பாக்டிங்காரர். இரண்டாவது நான். வெளியே ஓடினால் எல்லோரும் பார்ப்பார்களே என்று பெட்டிக்குப் பின்னாலேயே இருந்தேன்.

"ஏனுங்க! ஓடாதீங்க! இது ஸ்டீம் இல்லீங்க, என்ற பெட்டிங்க!" என்று அவர் மேடையில் நின்று கத்திப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

இதில் கவனிக்க வேண்டியது, பாய்லரை முதல் நாளே அணைத்துவிட்டார்கள். கழுவி, விபூதிப் பட்டை போட்டு, மாலை சாத்தி வைத்திருந்தார்கள். நெருப்பே இல்லாத பாய்லர். அணைத்ததே அந்தப் பிட்டர்தான். ஓடச் சொன்னவரும் அவர்தான். ஆனால் இன்றைக்குக் கிறுக்கன் என்று பெயர் வாங்கியிருப்பது, ஓட வேண்டாம் என்று சொன்ன ஒரே மனிதர். இதை நினைத்தால் எனக்குத் தையல் கோணுகிறது.

கேட்டுக்கு வெளியே நின்றவர்களை அழைத்து வந்து, சுண்டல் கொடுத்து, கச்சேரியை ஒருவழியாக முடித்தோம். சாமான் ஏற்றும்போது லீடர் முகம் கறுத்திருந்தது.

"அண்ணே, அடுத்த ஞாயித்துக்கிழமை குன்னத்தூர்ல காதுகுத்து இருக்கு. கம்ப்ரஸர் முதல்ல இருந்தா வாங்க. இல்லைன்னா பேஸை நான் கீபோர்டுல இடதுகையில வாசிச்சுக்குறேன். இப்ப எல்லாக் குழுவுலயும் அப்படித்தேன்."

காம்பாக்டிங்காரர் கிட்டாரை எடுத்துக்கொண்டார். பலகையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். 'ஏனுங்க' கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆறு நாள் நீராவியில் நின்றுவிட்டு ஏழாவது நாள் அந்தக் கிட்டாரைத் தொடுவதற்காகவே உயிரோடிருக்கிற மனிதர். அந்த ஒரு நாளையும் பிடுங்கினால் அவருக்கு மிஞ்சுவது பனியன் துணிதான்.

புதன்கிழமை லீடர் என் கம்பெனி வாசலுக்கே வந்தார்.

"பாய், நீங்க சொன்னாலும் அவரு கேக்க மாட்டாரு. சொல்லவே வேணாம், எப்பவும் போல வரச் சொல்லிட்டேன். வயர் மாட்டுறது நீங்கதேன. கம்ப்ரஸரை மட்டும் முன்னால மாத்தி விட்டுருங்க. அவருக்கு வித்தியாசமே தெரியாது. இல்லைன்னு வைங்க, அவரை நான் வெளிய அனுப்பணும். அந்தப் பாவம் உங்களுக்குத்தேன்."

நான் அவரிடம் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்க வேண்டும். "சரிங்க" என்றேன். என் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு இந்தப் பக்கங்கள் போதாது.

குன்னத்தூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு. முன்னால் பெரிய பந்தல். வீட்டுக்காரர் பனியன் கம்பெனி வைத்திருப்பவர், அதனால் வந்திருந்தவர்களில் பாதிப் பேர் பனியன் தொழிலில் உள்ளவர்கள். மாமன் மடியில் மொட்டை அடித்த குழந்தை. காது குத்துகிற ஆசாரி ஊசியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். காம்பாக்டிங்காரர் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. கச்சேரி ஆரம்பிக்கிற நேரத்துக்குத்தான் ஓடி வந்து சேர்ந்தார். பலகையை முதல் நாளே என்னிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். வயர்களை நான் மாட்டி முடித்திருந்தேன். கம்ப்ரஸர் முதலில்.

அவர் கிட்டாரில் வயரைச் சொருகி ஒரே ஒரு தந்தியைத் தட்டினார். தட்டிய விரலைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் டாம்பரினைப் பார்த்தேன். அதில் எத்தனை ஜோடித் தகடு என்று அன்றுதான் எண்ணினேன். எட்டு.

வித்தியாசமே தெரியாதாம். அவர் கேட்பதற்குள் டிரம்ஸ்காரர் பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு பாட்டு நன்றாகத்தான் போனது. உண்மையைச் சொன்னால் 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தமே இல்லை. லீடர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மூன்றாவது குத்துப்பாட்டு. நடுவில் பேஸ் மட்டும் தனியாக வருகிற இடம். காம்பாக்டிங்காரர் ஆக்டேவ் பெட்டியை மிதித்துக் கட்டை விரலால் ஓர் அறை அறைந்தார். தடுக்க வாசலில் ஆள் இல்லை. ஸ்பீக்கருக்குள் 'பட்' என்றது. என் விலாவில் யாரோ உதைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அது பாடவில்லை. கிழிந்த பாலித்தீன் பை காற்றில் அடிக்கிற மாதிரி 'பர்ர்ர்' என்றது. ஸ்பீக்கரின் கோன், அதாவது உள்ளே அதிர்கிற காகிதக் கூம்பு, கிழிந்துவிட்டது.

லீடர் பாட்டை நிறுத்தவில்லை. இடதுகையில் பேஸை வாசித்து முடித்துவிட்டு, மைக்கில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மன்னிக்கணும். எங்க பேஸ் அண்ணன் பெட்டியால எப்பவும் தகராறுதேன். போன வாரம் பாய்லரு, இந்த வாரம் ஸ்பீக்கரு."

பந்தல் சிரித்தது.

காம்பாக்டிங்காரர் கிட்டாரைக் கீழே வைத்தார். குனிந்து பலகையைப் பார்த்தார். வயரை விரலால் பிடித்துக்கொண்டே போய்க் கம்ப்ரஸர் வரை வந்தார். எழுந்து லீடரிடம் நடந்தார். பாடகரின் மைக் பக்கத்திலேயே இருந்தது. யாரும் அணைக்கவில்லை.

"ஏனுங்க சாமி. தாங்கள் பெரிய வித்துவானுங்க. தங்கள் திருவாயால ஒண்ணே ஒண்ணு சொல்லோணும். என்ற பலகையைத் தொட்டது ஆருங்க?"

"அண்ணே, இங்க வேணாம். பங்சன் நடக்குது."

"நடக்கட்டுமுங்க. காதுதானுங்க குத்தறாங்க. காதைப் பத்திப் பேசறதுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்குமுங்களா?"

"உங்க பெட்டி, உங்க வயரு. என்னையக் கேட்டா?"

இதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ பொங்கியது. எழுந்து நின்றேன். டாம்பரின் தானாகக் குலுங்கியது. கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"நான்தானுங்ணா மாத்துனேன். லீடர் மாத்தச் சொன்னாருங்க. இல்லைன்னா உங்களை வெளிய அனுப்பிருவேன்னாருங்க. அதுக்குப் பயந்து மாத்துனனுங்ணா."

அதுவும் மைக்கில் போய்விட்டது. என் குரல் ஸ்பீக்கரில் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நன்றாகவே இல்லை.

காம்பாக்டிங்காரர் என்னைப் பார்த்தார். 'ஏனுங்க சாமி' வரும் என்று காத்திருந்தேன். "எந்த வயரு எங்க இருந்துதுன்னு ஞாபகம் இருக்குதாப்பா?" என்றார்.

"இருக்குதுங்ணா."

"அது போதும்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏனுங்க, நீங்கல்லாம் பனியன் கம்பெனிக்காரங்க. நாயத்தை நீங்களே சொல்லுங்க. துணியைக் காம்பாக்டிங் விடறது முதல்லயா, கடைசியிலயா?"

பந்தலே ஒரே குரலில் சொன்னது: "கடைசியிலதானுங்க!"

லீடரின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். ஜென்மத்தில் பேஸ் கிட்டாரைத் தொடாத இருநூறு பேர் ஒரே நொடியில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். காம்பாக்டிங்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். அத்தோடு நின்றிருக்கலாம். இரண்டாவது வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்தார். நிட்டிங் மிஷின் வைத்திருப்பவர்.

"அதெப்புடிங்க? நிட்டிங்ல நூலை இழுக்கற டென்சன் முதல்லயே ஒரே சீரா இல்லைன்னா, அப்பறம் நீங்க காம்பாக்டிங் மிஷின் மேல ஏறிப் படுத்தாலும் துணி நேராகுமுங்களா?"

"ஆகாதுங்க!" என்றது பந்தலில் ஒரு பாதி.

அவ்வளவுதான். நிட்டிங்காரர்கள் ஒரு பக்கம், பிராசஸிங்காரர்கள் ஒரு பக்கம். "நூலே கோணலா வந்தா நாங்க என்னத்தை அமுக்கறது?" என்று ஒரு சாயப் பட்டறைக்காரர் எழுந்தார். "நாங்க நல்லாத்தான் குடுக்கறமுங்க, நீங்கதான் கெடுக்கறீங்க" என்று பதில் வந்தது. "ரெண்டு பேரும் பண்ணிப்போட்டு கடைசியில எங்கிட்ட கோணலாத்தானுங்க வருது" என்று ஒரு கட்டிங் மாஸ்டர் தனியாகப் புலம்பினார். பழைய துணி லாட்டுகளின் குற்றம் குறையெல்லாம் வெளியே வந்தது. மாமனும் நிட்டிங் பக்கம் போலிருக்கிறது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே கையை நீட்டி வாதாடினார். ஆசாரி யாரையும் கேட்காமல் இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். குழந்தை வீறிட்டு அழுதது. யாருக்கும் கேட்கவில்லை.

அந்தக் கூச்சலில் காம்பாக்டிங்காரர் மட்டும் சேரவில்லை. மேடையிலிருந்து இறங்கி அந்த வெள்ளைச் சட்டைக்காரரிடம் போனார்.

"ஏனுங்க, முதல்ல டென்சனும் பார்த்து, கடைசியில காம்பாக்டிங்கும் விட்டா?"

அவர் சொன்னார்: "அதுதானுங்க பனியன்."

காம்பாக்டிங்காரர் இரண்டு விரலை நீட்டிப் பார்த்தார். "ரெண்டு பெட்டி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "முதல்ல லேசா ஒண்ணு. கடைசியில ஒண்ணு."

லீடர் மைக்கில் சொன்னார்: "ரெண்டு என்னண்ணே, நாலா வாங்கி வேற குழுவுல போய் வாசிங்க. இனிமே இங்க பேஸ் கீபோர்டுலதேன்."

இரண்டு பேர் கை தட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் போய்க் கேட்பேன்.

காம்பாக்டிங்காரர் திரும்பி வந்து கிட்டாரைப் பையில் வைத்தார். நான் வயர்களைக் கழற்றிச் சுற்றினேன். டாம்பரின் லீடருடையது. நாற்காலியில் வைத்தேன்.

"பாய், நீங்க எங்க கெளம்பிட்டீங்க?" என்றார் லீடர்.

"போறனுங்க" என்றேன். இன்னும் நிறையச் சொல்ல வேண்டியிருந்தது. வந்தது அவ்வளவுதான்.

தோட்டத்திலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை மண் பாதை. நடு வெயில். காம்பாக்டிங்காரருடைய கிழிந்த ஸ்பீக்கர் பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நடந்தோம். லீடரைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டியது அந்த வெள்ளைச் சட்டைக்காரரை.

"அந்தாளு சொன்னதுல ஒரு தப்பும் இல்லப்பா. அதுதான் எனக்குக் கோவம் கோவமா வருது. இத்தனை வருசத்துல ஒரு நாயாவது எங்கிட்ட இதைச் சொல்லுச்சா? முதல்ல, முதல்லங்கறான். ஏன்னு கேட்டா வீடியோங்கறான். நூல் டென்சன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனா?"

"கேட்டிருக்க மாட்டீங்ணா" என்றேன்.

நின்று என்னை முறைத்தார். "கேட்டிருக்க மாட்டேன்தான்" என்றார். மறுபடி நடந்தோம்.

பெட்டியில் ஸ்பீக்கர் இருக்கிற பக்கம் கனம். காந்தம் அங்கேதான் இருக்கிறது. பாதி வழியில் பக்கம் மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு தடவை சொன்னேன். 'நடப்பா' என்று இரண்டு தடவையும் அதட்டினார். பஸ் வரும்வரை அந்தக் கனத்த பக்கத்தை அவர் என் கையில் கொடுக்கவே இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. நான் கம்பெனிக்கு லீவு சொன்னேன். அவருக்கு இரண்டாவது ஷிப்ட். காலையில் ஸ்பீக்கரை ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனோம். கோன் வருவதற்கு நான்கு நாள் ஆகும் என்றார்கள். கொடுத்துவிட்டு வந்தோம். வழியில் பேக்கரியில் இரண்டு தேங்காய் பன் வாங்கி, ஒன்றை வரிசையின் முதலிலும் இன்னொன்றைக் கடைசியிலும் வைத்தார்.